பத்துச் சதத்துக்குப் போன கோட்டு

சுந்தரம்மாவை அந்த லயத்தில் யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் யாரையும் பிடிக்காது. அதனால் இதில் யாருக்கும் அநியாயம் நடந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

மாத்தளைப் பக்கம் எல்கடுவைக்கு மேலே மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேட்டு லயத்தில் ஒரே தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு காம்பிராக்கள். ஒரு காம்பிராவில் தும்மினால் அடுத்த காம்பிராவில் திட்டுவார்கள். ஐந்தாவதில் சுந்தரம்மாவும், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் அவள் புருஷன் இராமையாவும், ஒரே மகள் சந்திரகாந்தாவும் இருந்தார்கள். ஆறாவதில் இராமையாவின் அண்ணன் ராசையாவும் அவன் பெண்டாட்டி சின்னப்பிள்ளையும். பிள்ளை இல்லை. ராசையா சில்லறைக் கங்காணி. பெரிய கங்காணிக்குக் கீழே இருபது ஆட்களை மேய்க்கிற உத்தியோகம். அது ஒன்றும் பெரிய பதவியில்லை. ஆனால் சின்னப்பிள்ளை பீலிக்குத் தண்ணீர் எடுக்க வரும்போது மற்றப் பெண்கள் குடத்தை நகர்த்தி வழிவிட வேண்டியிருந்தது.

இரண்டு பெண்களும் பேசி நான்கு வருஷம் ஆகிறது. சுந்தரம்மாவின் முட்டைக்கோழி ஒருநாள் ஆறாம் காம்பிராவுக்குள் நடந்து போனது. திரும்பி வரவில்லை. அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மிளகு வாசனை வந்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து சுந்தரம்மா சட்டியைத் திட்டுவாள், சின்னப்பிள்ளை விளக்குமாற்றைத் திட்டுவாள். சட்டிக்கும் விளக்குமாற்றுக்கும் காது இல்லை, சுவருக்கு இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் அது. கூலியைக் குறைத்தார்களே தவிர ஏற்றவில்லை. சந்திரகாந்தாவுக்குப் பத்து வயது ஆகப்போகிறது. சித்திரை பிறந்தால் அவள் பெயரைப் பதிந்து, கூடையைக் கட்டிக் கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பிவிடுவார்கள். சுந்தரம்மா பங்களாவில் வாசல் கூட்டுகிறவள். துரைமார் வீட்டுப் பிள்ளைகள் ஏழு மணிவரை தூங்குவதைத் தினமும் பார்க்கிறவள். தன் மகள் அட்டைக்கடியோடு வளரக்கூடாது என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பசுமாடு தேவைப்பட்டது.

மாடு என்றால் பால், பால் என்றால் பங்களா. அதுவரை பங்களாவுக்குத் தினமும் இரண்டு போத்தல் பால் கொடுத்துவந்தவள் சின்னப்பிள்ளைதான். பழைய துரை தனிக்கட்டை, அது போதும். வரப்போகிற புதுத் துரைக்குத் துரைசானியும் இரண்டு கைக்குழந்தைகளும் இருந்தார்கள். தினம் ஆறு போத்தல் வேண்டும் என்று எழுதியிருந்தார்களாம். இந்தச் செய்தி வாசல் கூட்டுகிறவள் காதில்தான் முதலில் விழுந்தது. நல்ல மாடு முப்பது ரூபாய். சுந்தரம்மாவின் மூடித் தகரத்தில் பதினான்கு ரூபாய் இருந்தது. இன்னும் பதினாறு வேண்டும்.

பழைய துரை சீமைக்குப் புறப்பட்டபோது வேண்டாத சாமான்களை வேலைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். சமையற்காரன் நல்ல பீங்கான்களை எடுத்துக்கொண்டான். பங்களா வேலைக்கார அப்பு கட்டிலையும் மெத்தையையும் கொண்டுபோனான். வாசல் கூட்டுகிறவளுக்குப் பின்னறையில் கிடந்த குப்பை மிஞ்சியது. மூலை உடைந்த ஒரு நிலைக்கண்ணாடி, இரண்டு அரிக்கன் லாம்பு, ஏழு பிஸ்கட் தகரம், எனாமல் பேசின், கால் ஆடும் பிரம்பு நாற்காலி, ஜன்னல் சீலைகள், ஒரு மூட்டை வெறும் போத்தல். அப்புறம் ஒரு கம்பளிக் கோட்டு. முழங்கையில் தோல் வைத்துத் தைத்தது. புகைக்கும் சுங்கானின் நெருப்பு விழுந்து இடது பையில் காசளவு கருகியிருந்ததால் துரை அதைக் கழித்துவிட்டார்.

"சம்பளத்துக்கு மறுநா ஞாயித்துக்கிழம. எல்லாத்தையும் வாசல்ல பரப்பி வச்சு விக்கப்போறேன்" என்றாள் சுந்தரம்மா.

இராமையாவுக்கு வாயில் இருந்த வெற்றிலை நின்றுவிட்டது. லயத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. வேண்டாத பொருளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டுப் பத்து வருஷம் சொல்லிக்காட்டுவார்கள். அதுதான் மரியாதை. விலை சொல்லி விற்பது கேவலம்.

"நம்ம என்ன கடைக்காரங்களா? அண்ணன் கங்காணியா இருக்காரு. அவரு மொகத்துல எப்படி முழிக்கிறது?"

"ஒங்க அண்ணன் மொகத்துல நான் எதுக்கு முழிக்கணும்? என் கோழி அவரு வயித்துலதான் இருக்கு."

இராமையா அதற்குமேல் பேசவில்லை. நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்கள் இந்த மாதிரி நேரங்களில் பேசாமல் இருந்துவிடுவார்கள், அதுதான் அவர்களிடம் உள்ள குறை.

கோட்டு விஷயம் எப்படியோ பெரிய கங்காணி காதுக்குப் போயிருந்தது. அவர் ஒருநாள் பங்களா ரோட்டில் அவளை நிறுத்தினார்.

"தொரை கோட்டு ஒங்கிட்ட இருக்காமே. அத எனக்கு எடுத்து வை. ஞாயித்துக்கிழம மத்தியானம் ஆள் அனுப்புறேன். அஞ்சு ரூவா தர்றேன்."

"சரிங்கய்யா" என்றாள் சுந்தரம்மா. ஐந்து ரூபாய் என்றால் மாட்டின் தலையும் கொம்பும் வந்த மாதிரி.

அந்த வாரம் முழுக்க அவள் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். லாம்புக் கண்ணாடி பளபளத்தது. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, அதுவரை யாரிடமும் வாய் திறக்காதவள், மூன்றாம் காம்பிராக்காரியிடம் போகிறபோக்கில் சொன்னாள், "அந்த நெலக்கண்ணாடிய எட்டாம் நம்பர்காரி கேட்டிருக்கா. அவளுக்கு எதுக்குன்னு தெரியல, அந்த மூஞ்சிக்கு." எட்டாம் காம்பிராக்காரியிடம் மூன்றாவதைப் பற்றி அதையே சொன்னாள். யாருக்கு யார் மேல் என்ன கடுப்பு என்பது அவளுக்கு அத்துப்படி. நான்கு வருஷமாகப் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவள் ஆயிற்றே. பலாபத்வலையிலிருந்து பழைய போத்தல் வாங்க வரும் மர்சூக் நானாவுக்கும் ஆள்விட்டாள். மிஞ்சுவதையெல்லாம் அவர் அள்ளிக்கொண்டு போவார் என்று லயம் முழுக்கத் தெரிந்தால்தான் கைகள் பரபரக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாசலில் படங்குச் சாக்கை விரித்துச் சாமான்களை அடுக்கினாள். கோட்டை உதறி, வெயில் படட்டும் என்று நாற்காலி முதுகில் போட்டாள். பங்களாச் சமையற்காரனை வரச்சொல்லி, ஐம்பது சதத்துக்குப் பேசினை அவனுக்கு விற்று முதல் வியாபாரத்தை ஆரம்பிப்பது என்பது அவள் திட்டம். கைராசிக்காரன் அவன்.

சமையற்காரன் வருவதற்கு முன்னால் ஆறாம் காம்பிராவின் கதவு திறந்தது. சின்னப்பிள்ளை தலைவாரிப் பொட்டு வைத்து, தன் கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து சாக்கின் முன்னால் நின்றாள். பன்னிரண்டு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள்.

"போணிக்கு வந்திருக்கேன்" என்றாள். நான்கு வருஷத்துக்குப் பிறகு சுவருக்கு வெளியே கேட்ட முதல் பேச்சு. "அந்தக் கோட்டக் குடு. பத்துச் சதம்."

போணி என்றால் என்னவென்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். முதல் ஆளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால் அன்றைய வியாபாரம் விளங்காது. கேட்ட விலைக்குக் கட்டுப்படியாகாவிட்டாலும் போணியைத் தட்டக்கூடாது. நாணயமுள்ளவர்கள் ஊசி, நூல் என்று சின்னதாகக் கேட்டுப் போணி செய்வார்கள். சின்னப்பிள்ளை இருப்பதிலேயே பெரியதைக் கேட்டாள். மாட்டுக்குத்தான் இந்த விற்பனை என்பதைச் சுவர் அவளுக்குச் சொல்லியிருந்தது.

சுந்தரம்மாவுக்கு "அது பெரிய கங்காணிக்குச் சொல்லி வச்சது" என்று வாய்வரை வந்தது. வந்ததை அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் தெரிந்துபோனது. பெரிய கங்காணி ஆசைப்பட்ட கோட்டை ஒரு சில்லறைக் கங்காணி போட்டுக்கொண்டு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்பான். சொன்னால் சின்னப்பிள்ளை தப்பித்துக்கொள்வாள். சொல்லாவிட்டால் தப்பமாட்டாள்.

"எடுத்துக்கங்க அக்கா" என்றாள் சுந்தரம்மா. கோட்டை மடித்து இரண்டு கையாலும் கொடுத்தாள். பத்துச் சதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வாசல்களில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். சுந்தரம்மாவா இப்படி விட்டுக்கொடுத்தாள்? சின்னப்பிள்ளைக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. சண்டைக்கு முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தவளுக்குச் சண்டை கிடைக்கவில்லை. கோட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை வியாபாரம் என்று சொல்வதைவிட அடிதடி என்று சொல்லலாம். நிலைக்கண்ணாடியை மூன்றாவதும் எட்டாவதும் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு ரூபாயில் ஆரம்பித்தது நாலே கால் ரூபாயில் முடிந்தது. எட்டாவது வாங்கிக்கொண்டு போனாள், மூன்றாவது அந்த ஆத்திரத்தில் லாம்பு இரண்டையும் வாங்கினாள். ஜன்னல் சீலைக்கு மூன்று பேர் வாதாடினார்கள், அதில் ஒருத்தி காம்பிராவுக்கு ஜன்னலே கிடையாது. கால் ஆடும் நாற்காலியை, மாமியார் வாங்கி உட்கார்ந்துவிடுவாள் என்று பயந்த ஒரு மருமகள் முந்திக்கொண்டு வாங்கி ஒளித்துவைத்தாள். யாரும் சுந்தரம்மாவிடம் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. காசை எறிகிற மாதிரி வைத்துவிட்டுப் போனார்கள். அவளும் பொறுக்குகிற மாதிரி எடுத்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு மர்சூக் நானா வந்தபோது போத்தல் மூட்டை மட்டும்தான் மிச்சம்.

"என்ன தங்கச்சி, எனக்கு ஒண்டும் வெக்கல்லியே" என்று சிரித்துக்கொண்டே அவர் போத்தலுக்குக் காசு கொடுத்தார். அந்த நாளில் சிரித்த ஒரே ஆள் அவர்தான்.

தகரத்தில் இருந்ததோடு சேர்த்து முப்பத்தொரு ரூபாய் ஆகியிருந்தது. கோட்டு இல்லாமலே. சுந்தரம்மா மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். சந்தோஷத்தில் அவள் அழுததைப் பார்த்த ஒரே சாட்சி அந்தப் பிள்ளை.

கோட்டுக்கு ஆள் வந்தான். "வித்துப்போச்சுன்னு சொல்லுங்க" என்றாள். யாருக்கு என்று அவன் கேட்கவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில் ராசையா அந்தக் கோட்டோடு வந்து நின்றான். தோள் கொஞ்சம் பெரிது, கை மணிக்கட்டைத் தாண்டியது. ஆனாலும் மனுஷன் நிமிர்ந்து நின்றான். பனியில் எல்லோரும் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்க, அவன் மட்டும் துரை மாதிரி. பெரிய கங்காணி அந்தக் கருகிய பையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பங்களாவுக்குப் போய்க்கொண்டிருந்த சுந்தரம்மாவைக் கூப்பிட்டார்.

"எனக்கு வச்ச கோட்ட எதுக்குடி இவனுக்குக் குடுத்த?"

இந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். திட்டு வாங்கியிருப்பாள், ராசையா கோட்டைக் கழற்றிக் கொடுத்திருப்பான், முடிந்திருக்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"நான் சொன்னேங்கய்யா, இது பெரியய்யாவுக்குன்னு. அவருக்கு மட்டும்தான் பொருந்துமான்னு கேட்டுட்டு இவரு வீட்டு அக்கா எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஏழை, நான் என்னங்க செய்வேன்."

ராசையா வாயைத் திறந்தான். பெரிய கங்காணி அடித்த அடியில் அது மூடிக்கொண்டது. பொய் சொன்னவளைவிட அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நின்ற லயத்துக்காரர்கள் மேல்தான் எனக்குக் கோபம். போணி கொடுத்தபோது பன்னிரண்டு வாசலிலும் நின்றவர்கள் அவர்கள். ஒருத்தராவது, "அப்படி ஒண்ணும் சொல்லலீங்க" என்று சொல்லவில்லை. குடத்தை நகர்த்தி நகர்த்திக் கை கடுத்தவர்கள் எல்லோரும்.

அந்த வாரமே ராசையாவை வேலையிலிருந்து நிறுத்தித் துண்டு கொடுத்துவிட்டார்கள். திமிர் பிடித்தவன், ஆட்களைக் கெடுக்கிறான் என்று புதுத் துரையிடம் சொன்னால் போதும், யார் விசாரிக்கப் போகிறார்கள்? மாதக் கடைசிக்குள் காம்பிராவைக் காலி செய்ய வேண்டும். பலாபத்வலைப் பக்கம் ஒரு கொக்கோத் தோட்டத்தில் கூலியாகச் சேர்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். அங்கே மாடு வைக்க அனுமதி இல்லை.

"நீ அன்னைக்கி மதினிகிட்ட சொன்னியா, சொல்லலியா?" என்று இராமையா கேட்டான்.

"ஒங்க மதினி கேட்ட வெலைக்கிக் குடுத்தேன். அதுக்கு மேல என்ன சொல்லணும்?"

அவன் அவளைப் பார்த்தான். பிறகு கவ்வாத்துக் கத்தியை எடுத்துத் தீட்டப் போய்விட்டான்.

சின்னப்பிள்ளையும் வாசலில் சாக்கு விரித்தாள். அம்மி, குந்தாணி, இரண்டு பித்தளைக் குடம், வாழ்க்கை முழுக்கச் சேர்த்தது. பக்கத்தில் மாட்டைக் கட்டியிருந்தாள். அவர்களோடு நின்றால் பெரிய கங்காணிக்கு ஆகாது என்று யாரும் வாசலுக்கு வெளியே வரவில்லை. வெயில் ஏறும்வரை அவள் போணி ஆகாமலே உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் காம்பிராவின் கதவு திறந்தது. சுந்தரம்மா தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள்.

"போணிக்கு வந்திருக்கேன்" என்றாள். "மாடு. பதினஞ்சு ரூவா."

முப்பதுக்கும் மேலே போகும் மாடு. சின்னப்பிள்ளை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டவில்லை.

"போணியத் தட்டக்கூடாது. நானே செஞ்ச வேல" என்று சொல்லி, கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டிக் கயிற்றைக் கொடுத்தாள். ரூபாயை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் சுந்தரம்மா செம்போடு மாட்டின் கீழே குந்தினாள். மாடு பாலை மறைத்துக்கொண்டது. ஒரு சொட்டு இறங்கவில்லை. தவிடு வைத்தாள், தடவிக் கொடுத்தாள், திட்டினாள். மாடு காலை வீசிச் செம்பை உருட்டியது. ராத்திரி முழுக்க மடி கனத்துக் கத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கேட்டிருப்பார்கள். காலையிலும் அதே கதைதான். பங்களாச் சமையற்காரன் வெறும் போத்தலோடு வந்து, பால் இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகத் துரைசானி சொல்லிவிட்டாள் என்றான்.

லயத்துக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். என்ன சங்கதி என்று அங்கே தவழும் குழந்தைக்குக்கூடத் தெரியும். சுந்தரம்மாவுக்கு மட்டும் தெரியாது. நான்கு வருஷமாக அந்தத் தொழுவப் பக்கம் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை, யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை. சொல்ல அவள் யாருக்கு என்ன நல்லது செய்தாள்?

இராமையா அண்ணன் குடும்பத்தோடு மூட்டை சுமந்துகொண்டு மாத்தளை வரை போயிருந்தான். சாயங்காலம் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பினான். கையில் சின்னப்பிள்ளையின் கறுப்புக் கம்பளி. அவன் அதைத் தன் தலைமேல்கூடப் போடாமல், நனையாதபடி வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.

"மதினி குடுத்தாங்க. மாட்டுக்கு."

"மாட்டுக்கா?"

"தை மாசக் குளிருல கன்னு பொறந்துச்சாம். இந்தக் கம்பளியில சுத்தி மடியிலயே வச்சிருந்தாங்களாம். பொழைக்கல. அதுக்கப்புறம் இந்தக் கம்பளிய மோந்து பாத்தாத்தான் மாடு பால எறக்குமாம். ராத்திரி அது கத்துனத அவங்களால கேக்க முடியலையாம்." வாழையிலையைப் பிரித்தான். "ஒனக்காகக் குடுக்கலன்னு சொல்லச் சொன்னாங்க. சந்திரகாந்தாவுக்காகவும் இல்லயாம். மாட்டுக்காக."

"அவங்களுக்கு?"

"அவங்களுக்கு வேற கம்பளி ஏது? கோட்டயும் பெரிய கங்காணி புடுங்கிக்கிட்டாரு. மழையில நனைஞ்சுகிட்டே போறாங்க."

சுந்தரம்மா அதைத் தொடவில்லை. அவளுக்கு எரிச்சலாக வந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருந்தால் திருஷ்டி கழித்துக்கொண்டு தூங்கியிருக்கலாம். இதற்கு என்ன செய்வது? தொழுவத்தில் மாடு மறுபடி கத்தியது. அவள் எழுந்துபோய்க் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தினாள். மாடு தலையைத் திருப்பி, அவள் தோளை நக்கி நக்கிப் பார்த்தது. பிறகு செம்பில் பால் விழத் தொடங்கியது.

சந்திரகாந்தாவின் பெயரைச் சித்திரையில் பதியவில்லை. பால் ஆறு போத்தல் பங்களாவுக்குப் போனது, காசு வந்தது, லயத்தில் தகரப் பெட்டி வைத்துப் பூட்டிய முதல் வீடு அவளுடையது. இராமையா மட்டும் அந்த வீட்டில் கடைசிவரை பால் விடாமல் வெறும் தேயிலைச் சாயத்தைத்தான் குடித்தான். ஏன் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

கம்பளி நாற ஆரம்பித்தது. ஓரங்கள் கிழிந்து தொங்கின. பீலியடியில் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, பணக்காரிக்கு ஒரு புதுக் கம்பளி வாங்க வக்கில்லை என்று சிரித்தார்கள். தினமும் விடியற்காலையில் சுந்தரம்மா அதை எடுத்துப் போர்த்திக்கொண்டு, சின்னப்பிள்ளையின் எண்ணெயும் வெற்றிலையும் வேர்வையும் மூக்கில் ஏற, மாட்டின் கீழே குந்தினாள். அந்த வாடை போய்விட்டால் பால் போய்விடும் என்பதால், மாடு சாகும்வரை அவள் அதை ஒருதரம்கூடத் துவைக்கவில்லை.